ஆளுக்குப் பாதி

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தாங்களும் மாப்பிள்ளையும் எங்கள் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் தங்கள் வீட்டு மாடிப்படியில் நின்று, பிள்ளைகள் காதில் விழாமல் நாம் கிசுகிசுத்துப் பேசியதை ஊர் வந்து சேர்ந்ததும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டேன். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று தாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மகளும் மாப்பிள்ளையும் நடத்தும் கால்நடை மருத்துவமனைக்கு ஓர் எக்ஸ்ரே இயந்திரம் வேண்டும். அது இல்லாததால், கால் ஒடிந்து வரும் நாயையும் பூனையையும் நகரத்தின் மறு கோடிக்கு டாக்சியில் அனுப்பிப் படம் எடுத்துவர வேண்டியிருக்கிறது. போய் வருவதற்குள் சில பிழைப்பதில்லை. அன்றைக்கு மகள் சாப்பிடுவதில்லை. இயந்திரம் வெளிநாட்டில் செய்வது. விலை இருபதாயிரம் டாலர். இன்று டாலர் நூறு விற்கிறது. ஆகவே நம் பணத்தில் இருபது லட்சம். அதை வைக்கும் அறை நவம்பரில் கட்டி முடியும். அக்டோபர் கடைசியில் பிள்ளைகள் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில், மருத்துவமனையையே அடகு வைத்துக் கடன் வாங்கப் போகிறார்கள். நம்மிடம் கேட்கமாட்டார்கள். கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். ஆகவே அவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் நாம் ஆளுக்குப் பத்து லட்சம் சேர்த்து, விற்பவரிடம் நேராகக் கட்டி, ரசீதை அவர்கள் கையில் வைத்துவிடுவது. இதுதானே?

சரிபாதி என்பதில் நமக்குள் பேச்சே இல்லை. பணம் அதுவரை எங்கே இருப்பது என்பதுதான் எஞ்சியது. "பேங்க்ல போட்டா பணம் தூங்கும் சம்பந்தி. உலகம் முழுக்கப் பங்கு வாங்கற நிதி ஒண்ணு இருக்கு. அதுல போடுவோம்" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன். அது சம்மதம் என்று தாங்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். முழங்கால் வலித்தது, வேறொன்றுமில்லை.

முப்பத்துநான்கு வருடம் வானிலை நிலையத்தில் மழை அளந்தவன் நான். நாளைக்குப் பெய்யுமா என்று சொன்னவர்கள் மாடியில் இருந்தார்கள். நேற்று எவ்வளவு பெய்தது என்று கீழே உட்கார்ந்து எழுதியவன் நான். முன்கூட்டிச் சொல்லும் துணிவு எனக்கு ஏற்பட்டதே இல்லை. கடந்த இருபது வருடத்தில் உலகச் சந்தைகள் விழுந்த நாட்களைத் தேதிவாரியாக மூன்று பக்கங்களில் இணைத்திருக்கிறேன். எழுந்த நாட்களையும் எழுத நினைத்தேன், தாள் தீர்ந்துவிட்டது.

வங்கி டெபாசிட்டே உத்தமம் என்பது என் பணிவான எண்ணம். தவறாக இருக்கலாம்.

தொலைபேசியில் பேசலாம்தான். ஆனால் அங்கே பிள்ளைகள் கூடவே இருக்கிறார்கள். எனக்கும் போனில் வாய் குழறும். அதனால் கடிதத்தைத் தங்கள் அலுவலக முகவரிக்கே அனுப்புகிறேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
சம்பந்தி

*

பிப்ரவரி 11

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் மகள் ஊசி போடுகிறாள், என் மகன் கடி வாங்குகிறான்; தொழில் நன்றாக நடக்கிறது. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள். சம்பந்தியம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியது எல்லாம் சரி. மாடிப்படியில் பேசிய பேச்சுக்கு இவ்வளவு சுத்தமான நகல் எடுத்த மனிதரை நான் பார்த்ததில்லை. மூன்று பக்கங்களையும் அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தேன். இரண்டாம் பக்கத்தில் தண்ணீர் குடித்தேன்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். என்னிடம் பதினொரு லாரி ஓடுகிறது. என் வீட்டுக்காரர் போன பிறகு இந்தப் பார்சல் கம்பெனியை நான் எடுத்தபோது "பொம்பளையால முடியுமா?" என்று கேட்ட ஆட்கள் இன்றைக்கு என்னிடம் டெலிவரி சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறார்கள். லாரிக்காரியாகவே சொல்கிறேன். இயந்திரத்தின் விலை டாலரில் இருக்கிறது. நாம் சேர்ப்பது நம் பணத்தில். சரக்கு போக வேண்டிய ஊர் ஒன்று, ஏற்றுகிற வண்டி இன்னொரு ஊருக்கு என்றால் அது எப்படி அய்யா போய்ச் சேரும்? உலக நிதி டாலரில் ஓடுகிற வண்டி.

சம்பந்திகளுக்குள் வாக்குவாதம் எதற்கு? உங்கள் பாதியை நீங்கள் பேங்கில் தாலாட்டுங்கள். என் பாதி உலகம் சுற்றட்டும். அக்டோபர் கடைசியில் இரண்டும் வந்து சேரட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சம்பந்தி

*

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். முழங்காலும் சற்றுப் பரவாயில்லை. தங்கள் கடிதத்துக்கு ஏழு வாரம் கழித்துப் பதில் எழுதுவது மரியாதைக் குறைவு. ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். அதையும் மரியாதையாகவே கருத வேண்டுகிறேன்.

லாரியைப் பற்றித் தாங்கள் எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன். அதில் குற்றம் கண்டுபிடிக்க முயன்றேன்.

தாங்கள் சொன்ன உலக நிதியின் ஒரு யூனிட் விலையைத் தினமும் குறித்து, கோடு வரைந்து வருகிறேன். வீட்டில் பழைய மழைப் பதிவுத் தாள்கள் ஒரு கட்டு இருந்தது. கட்டம் போட்ட தாள், வீணாகாமல் போகட்டும் என்று அதிலேயே வரைகிறேன். ஒரு நகல் இணைத்திருக்கிறேன். மார்ச் பத்தாம் தேதி எங்கோ ஒரு நாட்டு நிதியமைச்சர் இரும்புக்கு வரி போடப்போவதாகச் சொன்னார்; நூற்றுக்கு நான்கு இறங்கியது. பன்னிரண்டாம் தேதி அப்படிச் சொல்லவே இல்லை என்றார், மூன்று ஏறியது. வானம் இவ்வளவு மோசமாக நடந்துகொண்டு நான் பார்த்ததில்லை.

என் மனைவி இதைக் கண்டு, "பென்ஷன் வாங்கியாச்சு, இன்னும் யாருக்கு ரிப்போர்ட்?" என்று கேட்டாள். சம்பந்தி அம்மாவுக்கு என்றேன். "நான் சொன்னா காதுல ஏறாது. சம்பந்தி சொன்னா மட்டும் ஏறும்" என்றாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை.

என் பாதியைப் பொறுத்தவரை, பிப்ரவரி இறுதியில் வங்கி மேலாளரைச் சந்தித்தேன். "நல்லா யோசிச்சுட்டீங்களா சார்?" என்று மூன்று தடவை கேட்டார். காரியம் முடிந்தது. அதைப் பற்றி மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை.

தாங்கள் தங்கள் பாதியைப் போட்டுவிட்டீர்களா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாதே?

அனைவர் நலமும் அறிய விரும்பும்,
சம்பந்தி

*

ஏப்ரல் 20

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். எல்லோரும் சௌக்கியம். என் மகனுக்கு மட்டும் வலது கையில் கட்டு. கிளி.

உங்கள் கோட்டுப்படம் வந்தது. மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போயிருந்தேன். என் மேனேஜர் பார்த்திருக்கிறார். மேலே "மழைப் பதிவு" என்று அச்சடித்திருக்கிறதே, கோடு வேறு கன்னாபின்னாவென்று ஏறியிருக்கிறதே என்று பயந்துபோய், பதினொரு லாரிக்கும் தார்ப்பாய் கட்டச் சொல்லிவிட்டார். நான் திரும்பி வந்தால் கொளுத்துகிற வெயிலில் டிரைவர்கள் எல்லாம் தார்ப்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். "என்னய்யா கூத்து இது?" என்றேன். "சம்பந்தி அய்யா கணக்கு போட்டு அனுப்பியிருக்காரும்மா. கவர்மெண்ட்ல இருந்தவர், சும்மா சொல்வாரா?" என்கிறார். உங்களுக்கு இந்த ஊரில் இருக்கிற மதிப்பைப் பாருங்கள்.

என் பாதிக்கு வேண்டியதைச் செய்துவிட்டேன். அதைப் பற்றிய கவலை உங்களுக்கு வேண்டாம்.

கிளி கதையைச் சொல்லிவிடுகிறேன். இறக்கையில் அடிபட்டு வந்தது. எலும்பா சதையா என்று தெரியவில்லை. படம் எடுக்க அனுப்பிவிட்டு, திரும்பி வரும்வரை உங்கள் மகள் வாசலிலேயே நின்றாள். நல்லவேளை, சதைதான். குணமானதும் என் மகனைப் பார்த்து "போடா" என்றது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவன் விசாரித்துக்கொண்டிருக்கிறான். நான் வாயைத் திறக்கவில்லை.

உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி

*

ஜூன் 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் மிகவும் நலம். மாப்பிள்ளையின் கை ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

தங்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். உலக நிதி பிப்ரவரி விலையிலிருந்து நூற்றுக்கு ஒன்பது ஏறியிருக்கிறது. துல்லியமாகச் சொன்னால் நேற்று மாலை 9.04, இன்று காலை 9.11. தாங்கள் பத்தாயிரம் டாலருக்கு வாங்கியிருந்தால் அது இன்று பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டியிருக்கும். தங்கள் துணிவை நான் சந்தேகித்ததற்கு வெட்கப்படுகிறேன்.

நேற்று நடைக்குப் போன இடத்தில், வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது காபி குடித்தேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "சம்பந்திக்கு லாபம் வந்ததுக்கு நீங்க ஏன் விசிலடிச்சிட்டு வர்றீங்க?" என்று கேட்டாள். நான் விசிலடித்தது எனக்கே தெரியாது.

மகளிடம் சிக்கனமாகச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள். யார் சொன்னது என்று சொல்ல வேண்டாம்.

வணக்கத்துடன்,
சம்பந்தி

*

ஜூன் 25

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். சௌக்கியம். உங்கள் வாழ்த்துக்கு நன்றி. ஒன்பது என்பது நல்ல எண்தான்.

இங்கே டீசல் வரியை ஏற்றிவிட்டார்கள். வாடகையை ஏற்றினால் வியாபாரிகள் சண்டைக்கு வருகிறார்கள், ஏற்றாவிட்டால் வங்கிக்காரர் வருகிறார். அதனால் இந்தக் கடிதம் சிறிசாக இருக்கும்.

ஒரு சந்தேகம். டெபாசிட் வட்டியைக் குறைத்துவிட்டதாகப் பேப்பரில் போட்டிருக்கிறது. ஏற்கெனவே போட்ட டெபாசிட்டுக்கும் குறையுமா, புதிதாகப் போடுகிறவர்களுக்கு மட்டுமா? என் மேனேஜர் கேட்கிறார். நீங்கள் அதில் இருக்கிறவர் ஆயிற்றே, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சம்பந்தியம்மாவுக்கு என் அன்பு.

சம்பந்தி

*

ஆகஸ்ட் 17

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் திடமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கு என் இரத்த அழுத்தம் சிறிது கூடியிருக்கிறது. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னார். காரணம் உப்பாகவும் இருக்கலாம்.

செய்தி பார்த்திருப்பீர்கள். ஒரே வாரத்தில் உலக நிதி நூற்றுக்குப் பதினான்கு விழுந்துவிட்டது. வாங்கிய விலைக்கும் கீழே போய்விட்டது. நான்கு நாடுகள் ஒருவர்மேல் ஒருவர் இறக்குமதி வரி போட்டுக்கொண்டதாகவும், ஐந்தாவது நாடு யாரோடு சேர்வது என்று தெரியாமல் எல்லோர்மேலும் போட்டதாகவும் சொல்கிறார்கள்.

தாங்கள் மனம் தளரக் கூடாது. பத்தாயிரம் டாலர் இப்போது ஒன்பதாயிரத்து நானூறுக்குச் சற்றுக் குறைவு, ஒரேயடியாக அழிந்துவிடவில்லை. என் மழைத் தாள்களில் இதைவிட மோசமான வருடங்கள் உண்டு. அடுத்த வருடத்துத் தாளும் உண்டு. இப்படித்தான் எனக்கு... தங்களுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டு விற்றுவிட வேண்டாம். விற்கத்தான் வேண்டும் என்று தாங்கள் நினைத்தால் தயவுசெய்து முதலில் எனக்குத் தெரியப்படுத்துங்கள்; நானும் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதாவது தங்கள் பொருட்டு.

என் மனைவி பேப்பரில் வணிகப் பக்கத்தை மட்டும் உருவி அலமாரித் தட்டில் விரித்துவிடுகிறாள். நான் தட்டைத் துடைப்பதுபோல் போய்ப் படிக்கிறேன். நேற்று, "அந்தத் தட்டு இவ்ளோ சுத்தமா இருந்ததே இல்ல" என்றாள்.

டெபாசிட் வட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வங்கியில் விசாரித்துத்தான் சொல்ல வேண்டும்.

மகளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம்.

கவலையுடன், ஆனால் நம்பிக்கையுடனும்,
சம்பந்தி

*

ஆகஸ்ட் 26

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். முதலில் உப்பைக் குறையுங்கள். இரண்டாவதாக, நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டீர்களா?

நான் உலக நிதியில் சல்லிக்காசு போடவில்லை.

"என் பாதி உலகம் சுற்றட்டும்" என்று உங்களுக்கு வீராப்பாக எழுதி, கடிதத்தை லாரியில் ஏற்றிவிட்டேன். அன்றைக்கே பணத்தைப் போட பேங்குக்குப் போனேன். கைப்பையில் உங்கள் மூன்று பக்கம் இருந்தது. வரிசையில் நின்றபோது இன்னொரு தடவை எடுத்துப் படித்தேன். எனக்கு வேர்த்துவிட்டது. "இந்த மனுஷன் வாழ்நாள்ல ஒரு தப்புக்கணக்கு போட்டதில்ல, அவர் சொல்றார், நீ என்னடி பெரிய இவளா?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வேறு வரிசைக்கு மாறிப்போய் மொத்தத்தையும் டெபாசிட்டில் போட்டுவிட்டு வந்தேன்.

உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பதினொரு லாரி ஓட்டுகிறவள், பேப்பரைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்றால் நன்றாகவா இருக்கும்? ஜூன் மாதம் நீங்கள் வாழ்த்து அனுப்பியபோது ஒன்பது போச்சே என்று உங்கள்மேல் கோபம்கூட வந்தது. இப்போது பாருங்கள்! உங்கள் சொல்லைக் கேட்டதால் தப்பித்தேன். உங்கள் பத்தும் பேங்கில், என் பத்தும் பேங்கில். உலகம் எப்படி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும். நம் பணம் பத்திரம்.

எனக்காக அலமாரியைத் துடைத்தவரே, நீங்கள் தெய்வம் அய்யா. எல்லாப் புண்ணியமும் உங்களுக்குத்தான்.

நன்றியுடன்,
சம்பந்தி

*

செப்டம்பர் 30

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் உடம்பு நன்றாக இருக்கிறதா? ஐந்து வாரமாக ஒரு வரி இல்லை. மகளிடம் கேட்டால் "அப்பா நல்லாத்தான் இருக்கார் அத்தை, என்னமோ பேசமாட்டேங்கறார்" என்கிறாள். நான் பொய் சொன்னதில் கோபமா? இருந்தால் திட்டி எழுதுங்கள். மூன்று பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள்.

இப்போது விஷயம் அவசரம். டாலர் விலையை இனிமேல் கட்டிப் பிடிக்கப் போவதில்லை, அது சந்தையில் போகிறபடி போகட்டும் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. நூறாக இருந்த டாலர் இன்றைக்கு நூற்று இருபது. இயந்திரம் அதே இருபதாயிரம் டாலர்தான்; ஆனால் நம் பணத்தில் இருபத்துநான்கு லட்சம். நம் இரண்டு டெபாசிட்டும் வட்டியோடு சேர்ந்து இருபது லட்சத்து எண்பதாயிரம்தான் வரும். மூன்று லட்சத்துக்குமேல் துண்டு விழுகிறது. நவம்பர் ஒன்றாம் தேதி இறக்குமதி வரியும் ஏறப்போகிறது. அதற்குள் கட்டாவிட்டால் அப்புறம் நாம் அதை எட்டவே முடியாது.

நான் அன்றைக்குச் சொன்னதுதான், சரக்கு ஓர் ஊருக்கு, வண்டி வேறு ஊருக்கு. சொன்னேனே தவிர நானே செய்யவில்லை.

ஃபைனான்ஸ் கம்பெனி ஆள் வந்து பத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அக்டோபர் 29ஆம் தேதி கையெழுத்து. வட்டியைப் பார்த்தேன். பத்து வருடம் நாய்க்கு ஊசி போட்டாலும் அடையாது. பழைய லாரி ஒன்றை விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன். விலை கேட்டவன் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறான். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள். எதுவானாலும் எழுதுங்கள்.

சம்பந்தி

*

அக்டோபர் 19

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் லாரியை விற்கவில்லை என்று நம்பி எழுதுகிறேன். விற்றிருந்தால் அந்தப் பழி என் மௌனத்தைச் சேரும். என் உடல்நிலை இன்று காலை முதல் நன்றாக இருக்கிறது.

ஏழு வாரம் எழுதாததற்குக் காரணம் கோபமல்ல. தாங்கள் என்னை நம்பிப் பணம் பத்திரம் என்று எழுதிய நாளில், என் பத்து லட்சம் உலக நிதியில் விழுந்து கிடந்தது.

பிப்ரவரியில் தங்கள் கடிதம் வந்ததும் அந்த லாரி வாக்கியத்தில் பிழை கண்டுபிடிக்கப் பதினைந்து நாள் உட்கார்ந்தேன். பிழை இல்லை. என் மூன்று பக்கங்களில்தான் பிழை இருந்தது. எழுந்த நாட்களை நான் எழுதவே இல்லை. வங்கிக்குப் போய் முழுவதையும் உலக நிதியில் போட்டேன். மேலாளர் மூன்று தடவை கேட்டது அதனால்தான். தங்களை எச்சரித்துக் கடிதம் எழுதிய கையோடு இதைச் செய்தேன் என்று எப்படிச் சொல்வது? ஜூனில் விசிலடித்தது என் லாபத்துக்கு. ஆகஸ்டில் தங்களுக்குச் சொன்ன ஆறுதல் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது.

தாங்கள் உண்மையை எழுதிய பிறகு என்னால் பேனாவைத் தொட முடியவில்லை. என்னை நம்பியதால் தாங்கள் தப்பித்ததாக எழுதியிருந்தீர்கள். தங்களை நம்பியதால் நான் மாட்டிக்கொண்டேன் என்று பதில் எழுத முடியுமா?

செப்டம்பர் கடிதம் வந்த பிறகுகூட இரண்டு வாரம் அதை என் மனைவியிடமிருந்து ஒளித்துவைத்தேன். தினமும் விலையைக் குறித்தேன். சந்தை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று இருந்தேன். முந்தாநாள் அவள் அந்தக் கடிதத்தைத் தாளுக்கடியில் கண்டுபிடித்தாள். படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள். "இப்ப வித்தா எவ்ளோ வரும்?" நான் தாளைக் காட்டினேன். பத்தாயிரத்து ஐந்நூறு டாலர், இன்றைய விலையில் பன்னிரண்டு லட்சத்து அறுபதாயிரம். "அப்ப எதுக்கு முகத்தைத் தூக்கி வெச்சிட்டு உக்காந்திருக்கீங்க?" என்றாள். "நாளைக்கு இன்னும் ஏறலாம், இல்லை இறங்கலாம்" என்றேன். "ஏறினா உங்க பொண்ணுக்குக் கடன் கொறையுமா? அந்த இருபத்தொம்பதாம் தேதி தள்ளிப் போகுமா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தொப்பியை மறந்துவிட்டேன் என்று பாதி வழியில்தான் தெரிந்தது. திரும்பவில்லை. முழுவதையும் விற்றுவிட்டேன்.

பன்னிரண்டு லட்சத்து அறுபதாயிரத்துக்கு டிராஃப்ட் இத்துடன் இருக்கிறது. தங்கள் டெபாசிட்டின் பத்து லட்சத்து நாற்பதாயிரத்தைச் சேர்த்தால் இருபத்துமூன்று லட்சம். குறைவது ஒரே ஒரு லட்சம்.

அதைப் பற்றி ஒரு வேண்டுகோள். சரிபாதி என்பது நம் ஒப்பந்தம். தங்கள் யோசனைப்படி போட்டதால் நிதியில் வந்த தொகை நியாயப்படி தங்கள் பாதி. என் யோசனைப்படி போட்டதால் டெபாசிட்டில் வந்தது என் பாதி. என் பாதிதான் பன்னிரண்டுக்குக் குறைகிறது. ஆகவே பற்றாக்குறை முழுவதும் என்னுடையது. ஒரு லட்சத்துக்கு என் காசோலையும் வைத்திருக்கிறேன். இந்தக் கணக்கை நான்கு தடவை சரிபார்த்துவிட்டேன்.

உறையைத் தங்கள் லாரி டிரைவரிடமே கொடுத்தனுப்புகிறேன். அவர் என்னைப் பார்த்ததும் வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குத் தார்ப்பாய் கட்டணுமா அய்யா?" என்று கேட்டார்.

மன்னிப்பை வேண்டும்,
சம்பந்தி

*

நவம்பர் 3

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். எல்லோரும் சௌக்கியம், எல்லோரும் சௌக்கியம், எல்லோரும் சௌக்கியம்!

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் மேனேஜர் தண்ணீர் கொண்டுவந்துவிட்டார். உங்களுக்குப் பயந்து நான் பேங்கில், எனக்கு மரியாதை கொடுத்து நீங்கள் உலக நிதியில்! இரண்டு பேரில் ஒருவர் தன் பேச்சைத் தானே கேட்டிருந்தால்கூட இரண்டு பாதியும் ஒரே இடத்தில் போய் விழுந்திருக்கும். இரண்டு பேரும் பேச்சு மாறியதால் அல்லவா பாதிக்குப் பாதி நின்றது?

லாரியை விற்கவில்லை. அடிமாட்டு விலைக்காரனை அனுப்பிவிட்டேன்.

உங்கள் நியாயத்துக்கு வருகிறேன். நிதியில் வந்தது என் பணம் என்றால், ஆகஸ்டில் விழுந்தபோது அதுவும் என் நஷ்டம்தானே? அதை நீங்கள் ஏன் சுமந்தீர்கள்? உப்பில்லாமல் சாப்பிட்டது யார்? அதற்கு நான் உங்களுக்குத் தர வேண்டியதைக் கணக்குப் பார்த்தால் ஒரு லட்சம் காணாது. ஆகவே ஆளுக்கு ஐம்பதாயிரம். உங்கள் காசோலையை மாற்றிவிட்டு, ஐம்பதாயிரத்துக்கு என் காசோலையை இத்துடன் வைத்திருக்கிறேன். கிழித்தீர்கள் என்றால் அடுத்த லாரியில் நானே ஏறி வந்துவிடுவேன்.

இனி 29ஆம் தேதி நடந்ததைக் கேளுங்கள். 27ஆம் தேதியே பணத்தைக் கட்டி ரசீது வாங்கிவிட்டேன். 29ஆம் தேதி காலையில் மருத்துவமனைக்குப் போனால் ஃபைனான்ஸ் கம்பெனி ஆள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உங்கள் மகள் ஒரு முயலைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் சார், இவனுக்கு மருந்து குடுத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றாள். நான் பத்திரத்துக்குமேல் ரசீதை வைத்தேன்.

"என்ன அத்தை இது?"

"மெஷின்."

"யாரோடது?"

"பேரைப் படி. டாக்டருக்குப் படிச்சிருக்கே இல்ல?"

என் மகன் எட்டிப் பார்த்தான். "அம்மா, நாங்க உங்ககிட்ட கேக்கவே இல்லையே."

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன். பாதி நான், பாதி உன் மாமனார். திருப்பிக் குடுக்கணும்னா மெஷின் வித்தவன்கிட்ட போய்க் கேளு. கட்டின காசைத் திருப்பித் தர்றதில்லேன்னு ரசீதுக்குக் கீழ போட்டிருக்கான்."

உங்கள் மகள் முயலை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். முயல் என் புடவையைக் கடித்துக்கொண்டிருந்தது. ஃபைனான்ஸ் ஆள் பேனாவை மூடி, பத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "எங்க வீட்டுப் பூனை நொண்டுது. மெஷின் எப்ப வரும்?" என்று கேட்டார்.

எல்லாம் முடிந்தபிறகு உங்கள் மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பா ஒரு குடை வாங்கறதுக்கு மூணு மாசம் எடுப்பார். அவரும் நீங்களும் எப்படி அத்தை இதுல ஒத்துப்போனீங்க?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னால் நம் மானம் போய்விடும். "ஆரம்பத்துலேருந்தே எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கருத்துதான்" என்று சொல்லிவிட்டேன். அவள் உங்களிடமும் கேட்பாள். நீங்களும் அதையே சொல்ல வேண்டும். ஒன்பது மாதத்தில் ஒருநாள்கூட நாம் ஒரே பக்கம் நின்றதில்லை. இந்த ஒன்றிலாவது நிற்போம்.

அறை அடுத்த வாரம் முடிந்துவிடும். சம்பந்தியம்மாவோடு வந்து பத்து நாள் இருங்கள். மாடி வேண்டாம், கீழ் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சம்பந்தி

*

நவம்பர் 8

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். அடுத்த வாரம் இருவரும் வருகிறோம். காசோலையைக் கிழிக்கவில்லை.

தங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. மகள் அதற்கு முன்பே, 29ஆம் தேதி மாலையிலேயே கூப்பிட்டுவிட்டாள். "நெஜமா சொல்லுங்கப்பா. நீங்களும் அத்தையும் இந்த விஷயத்துல முட்டிக்கவே இல்லையா?" என்று கேட்டாள். போனில் எனக்கு வாய் குழறும் என்பது தங்களுக்குத் தெரியும். அன்று குழறவில்லை. யாரையும் கேட்காமல், ஒரு தாளிலும் எழுதிப் பார்க்காமல் சொன்னேன்:

"முட்டிக்கறதா? ஆரம்பத்துலேருந்தே எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கருத்துதாம்மா."

தங்கள்,
சம்பந்தி